பச்சை மை வட்டம்

அப்பா சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டார்
மகள் லத்தீன் படிக்கிறாளென்று.
டல்லாஸிலிருந்து அத்தை கேட்டாள்:
"பாதிரியாருங்க பாஷையா? மடத்துல சேரப் போறாளா?"
லத்தீன் இல்லைப்பா,
லத்தீனா, லத்தீனோ.
அவங்க வரலாறு, அவங்க எழுத்து, அவங்க வேலை.
"அதைத்தாம்மா நானும் சொன்னேன்."

கிரீலியில் காற்று திசை மாறினால்
வகுப்பில் யாராவது எழுந்துபோய் சன்னலைச் சாத்துவார்கள்.
ஊரின் அந்தக் கோடியில் இறைச்சி ஆலை.
முதல் வாரம் நானே சாத்தினேன்.
பக்கத்து இருக்கை இதாலியா
நோட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்
"எங்கம்மா இப்ப அங்கதான் நிக்கறா."
கொலராடோவின் பனி முழுக்க உள்ளே வந்தாலும்
அதற்குப் பிறகு அந்தக் கொக்கியை நான் தொட்டதில்லை.

பதினெட்டுப் பேர்.
பதினாறு பேருக்கு இது வீட்டில் நடந்த கதை.
ஒருவனுக்கு அந்த நேரத்தில் வேறு வகுப்பு கிடைக்கவில்லை.
மிச்சம் நான்.
எதற்கு வந்தாய் என்றார் பேராசிரியர் கின்டனார்.
மூன்று கோடை ஓர் உணவகத்தில் வேலை பார்த்தேன்,
நான் சமையலறைக்குள் நுழைந்ததும்
அங்கே எல்லாரும் சிரிக்கும் ஒரு ஜோக்
கடைசிவரை புரியவில்லை, அதற்காக என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"இதைவிட மோசமான காரணங்கள் கேட்டிருக்கிறேன்."

முதல் கட்டுரை
சர்க்கரைக் கிழங்கு வயலில்
குட்டைக் கைப்பிடிக் கொத்தோடு
நாள் முழுக்கக் குனிந்திருந்தவர்களைப் பற்றி.
அவர்களை நாம் மறந்துவிட்டோம், என்று முடித்திருந்தேன்
ஆங்கிலத்தில்.
நாம் என்ற அந்தச் சொல்லைச் சுற்றிப்
பச்சை மையில் ஒரு வட்டம்.
ஓரத்தில்: யார்?

இரவு இரண்டு மணிக்கு, நூலக அடித்தளத்தில்,
அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் ஒன்றுதான்,
கொட்டகைபோல, யாரும் ஒதுங்கலாம்.
ஸ்பானிஷில் இரண்டு:
பெண்கள் மட்டும் என்றால் ஒன்று,
ஓர் ஆண் வந்து நின்றால் போதும், மற்றது.
என்னிடமும் இரண்டு உண்டு.
உன்னைச் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள்.
எதை நினைத்து எழுதினேன்?
யாரை வெளியே நிறுத்தினேன்?

மார்ச்சில் வாய்மொழிப் பதிவு.
இதாலியாவின் அம்மா ஒஃபேலியா,
பதினோரு வருடமாகத் தோள்பகுதி வெட்டுபவர்.
வலது கையில் இரண்டு விரல் நிமிராது.
மேசையில் கைபேசி பதிந்துகொண்டிருந்தது.
ஆறாவது மணிக்குமேல் நாம கத்தியைப் பிடிக்கறதில்ல,
கத்திதான் பிடிச்சிருக்கும், என்றார்.
பிறகு என் கேள்வித்தாளைத் தள்ளி வைத்துவிட்டு
அந்த ஜோக் என்ன என்றார்.
மகள் சொல்லியிருக்கிறாள்!

மூன்று கோடை காதில் கிடந்ததை எடுத்துச் சொன்னேன்:
யா யேகோ லா லிசென்சியாதா.
பட்டதாரியம்மா வந்துட்டாங்க.
அகராதியில் பார்த்துவிட்டேன்,
அர்த்தம் தெரிகிறது, சிரிப்புதான் தெரியவில்லை.

"நீ உள்ள வரும்போது மத்தவங்க கையில என்ன இருந்துச்சு?"
தட்டு, பாத்திரம், வெங்காய மூட்டை.
"உன் கையில?"

யோசித்தேன்.
நான் தொலைபேசியில் ஆர்டர் எடுப்பவள்.
கையில் ஒன்றும் இருந்ததில்லை.

இதாலியா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.
முதலில் ஒஃபேலியா, பிறகு அவள், பிறகு நானும்.
பதிவில் நாற்பது விநாடி ஓடுகிறது அது.
எழுத்தாக்கும்போது என்ன போடுவது?
சிரிப்பு, என்று போட்டேன்.
யாருடையது என்று போடவில்லை.

கிளம்பும்போது நாலு தட்டை என் கையில் கொடுத்தார்.
அலமாரியை நோக்கித் தாடையால் காட்டினார்.

எழுத்துப்படி திரும்பி வந்தது.
மறுபடி ஒரே ஒரு வட்டம்.
படபடப்போடு பார்த்தால்
ரெந்தெரியா என்ற அவர் குடும்பப் பெயரில்
ஈகார ஒலிக்கு மேல் நான் விட்டுவிட்ட
ஒரு சின்னக் கோடு.
இருபத்தாறு பக்கம்,
எழுபத்தொரு இடம்.

காற்று திரும்பியிருக்கிறது.
சன்னலோரம் உட்கார்ந்து
ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.