மாற்றுச் சான்றிதழ், இரண்டு நகல்

மாயவரம் மணிக்கூண்டிலிருந்து நாலாவது சந்து,
நகராட்சி மேல்நிலைப் பள்ளி வாசலுக்கு நேரெதிர்
என் ஜெராக்ஸ் கடை.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
மே மாதம் பிறந்தால் அதிகம் ஓடுவது
டீசிதான்.

கண்ணாடியில் கவிழ்க்குமுன்
அந்த ஒரு கட்டத்தைப் பார்த்துவிடுவேன்:
பள்ளியை விட்டு நீங்கும் காரணம்.
எல்லாத் தாளிலும் அச்சில் ஒரே வரி,
பெற்றோர் விருப்பம்.
கீழே பச்சை மையில் சகாயமேரி டீச்சர் கையெழுத்து.
நகலில் அது கறுப்பாகிவிடும்.

விருப்பத்தின் காரணத்தை
மிஷின் சூடாகிற நேரத்தில் வாயால் சொல்வார்கள்.

"கணக்குக்கு ஆளில்லை, ரெண்டு வருஷமா
தமிழய்யாதான் வட்டத்துக்குப் பரப்பளவு போடறார்"
என்றார் உரக்கடை குஞ்சிதபாதம்.
"போடறாருல்ல?" என்றாள்
கூடையை இறக்காமலே நின்ற ரீட்டா.
"கான்வென்ட்ல உங்க புள்ளைய ஒம்பதாவதுல
வெளிய தள்ளினப்போ
சேத்துக்கிட்டது இந்த வாசல்தானே?"
அவர் சில்லறை வாங்காமல் போனார்.

அறுபத்தொரு சதவீதம்.
பேப்பரில் வந்த அந்தத் துண்டையும்
நான்தான் நகல் எடுத்தேன்:
கவுன்சிலருக்குப் பதினைந்து,
பழைய மாணவர் சங்கத்துக்கு முப்பது.
சங்கத்தில் எல்லோருக்கும் பள்ளிமேல் உயிர்.
பிள்ளைகள் எல்லோருக்கும் மஞ்சள் வேன்.

ஆட்டோ ஜபருல்லாவுக்குக் கோபம் வந்தது.
"என் மூத்தவ இங்கதான் படிச்சா,
நாகப்பட்டினத்துல இப்ப நர்சு.
அவ அந்த அறுபத்தொண்ணுல எங்கம்மா இருக்கா?"
அவளோடு பெஞ்சில் உட்கார்ந்த மற்றவர்களைப் பற்றி
அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
அதில் ஒருத்தி என் தங்கை.
திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறாள்.

பயாலஜி ரெக்கார்டுக்குப் படம் எடுக்க வந்த பையனிடம்
"ஸ்கூல் எப்படிடா?" என்றேன்.
"லேப்ல தவளை இல்லக்கா.
ஐப்பசி வந்தா கிளாசுக்கே வரும்."
சிரித்துக்கொண்டே போனான்.
போன அடைமழையில் வாய்க்கால் எதிர்த்து ஏறி
கரும்பலகையின் கால்வரை
நின்ற தண்ணீரின் கோடு
சுண்ணாம்புக்கு மேலும் தெரிகிறது.

டீச்சரும் வருவார், அவர் வேலை வேறு.
காலிப் பணியிடம் நிரப்பக் கோரும் மனு,
ஒன்பதாவது முறை.
தேதியை மட்டும் வெள்ளை மையால் அழித்து
மேலே புதுத் தேதி.
நல்ல பள்ளி என்றோ கெட்ட பள்ளி என்றோ
அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை.
"இந்த மாசம் எத்தனை ஆச்சு, செல்லம்?"
அத்தனையிலும் கையெழுத்துப் போட்டவர்
என்னிடம் கேட்கிறார்.
"நாப்பத்திமூணு டீச்சர்."

நாற்பத்திநான்கு என்று சொல்லியிருக்க வேண்டும்.

அபயாவுக்கு ஒன்பதாவது முடிந்துவிட்டது.
ஆள் வராத பிரியடுகளில்
ஏழாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு
அவள்தான் போட்டுக் காட்டினாள், ஒரு வருஷமாக.
சாயங்காலம் தொண்டை கட்டி வருவாள்,
பாவாடையெல்லாம் சாக்பீஸ்.
"வகுத்தல்னா தலைகீழாத் திருப்பிப் பெருக்கணும்மா,
ஏன்னு கேட்டான் ஒருத்தன்,
ராத்திரி பூரா யோசிச்சேன்" என்று சொன்ன முகத்தை
எந்த மஞ்சள் வேனிலும் நான் பார்த்ததில்லை.
அவள் அப்பா கேட்டதிலும் தப்பில்லை:
"இவ படிக்கப் போறாளா, வேலைக்குப் போறாளா?
சம்பளம் யார் தர்றது?"

நேற்று ரோட்டைத் தாண்டினேன்.
பத்தடி ரோடு.
டீச்சர் நிமிர்ந்து பார்த்தார், காரணம் கேட்கவில்லை.
பேனா மூடியைத் திறக்கத்தான்
கொஞ்சம் நேரமானது.

இப்போது என் கண்ணாடியில் என் பெண்ணின் தாள்.
பெற்றோர் விருப்பம்.
பெற்றோரில் பாதி என்று போட
கட்டத்தில் இடமில்லை.
அடியில் வெளிச்சம் ஒருமுறை போய் வருகிறது.
இரண்டு நகல் விழுந்தன.
வெள்ளிக்கிழமையோடு அங்கே அட்மிஷன் முடிகிறது.
மறந்துவிட்டுப் போனவர்களின் தாள்கள் கிடக்கும்
டிராயரில் வைத்து மூடினேன்.
பூட்டவில்லை.

யாரோ நிற்கிறார்கள்.
ரேஷன் கார்டு,
முன்னும் பின்னும்.