பதினேழு தக்கைகள்

இரவு ஷிப்ட்தான் காரணம் என்றார் மேலாளர்.
பெயரைக்கூட எழுதிவிட்டார், பென்சிலில்:
எவரிஷ்து மாயா.

ஸுல்மிரா எதிர்த்துப் பேசவில்லை.
தாளில் கோடு கிழித்தாள்.
மூன்று வரிசை, இரண்டு பத்தி, ஆறு கட்டம்.
பகலில் நானூறு தக்கை, மாலையில் நானூறு,
இரவில் இருநூறு.
புழுத்துளையோ வெடிப்போ கறையோ,
கழித்தது கழித்ததுதான். மொத்தம் அறுபது.

வேளைக்கும் பழுதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லையென்று
ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால்
இரவின் பங்கு பன்னிரண்டு.
வந்திருப்பதோ பதினேழு.

ஐந்து தக்கை.
ஒரு கோட்டுப் பைக்குள் அடங்கும்.
லாமாஸில் வெளியே மழை,
முற்றத்தில் அடுக்கிய மரப்பட்டைகள்
ஆள் உயரத்துக்கு நனைகின்றன.

கழித்தாள், வர்க்கித்தாள், வகுத்தாள்.
கூட்டினால் இரண்டே முக்காலுக்குச் சற்று மேல்.
ஆறு வந்திருந்தால் பேச்சு வேறு.
கட்டங்கள் ஆறு என்றாலும் சுதந்திரம் இரண்டுக்குத்தான்;
மற்ற நான்கும் ஓரத்து மொத்தத்துக்குக் கட்டுப்பட்டவை,
மாதச் சம்பளக்காரர்களைப்போல.

"அப்போ அவன்மேல் குற்றமில்லை என்கிறாயா?"
"அதை நான் சொல்லவில்லை.
குற்றம் சொல்ல இந்தத் தாள் போதாது என்கிறேன்."
அவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது.

அவர் போனபின், கை சும்மா இராமல்,
அதே ஆயிரத்தை வேறு மாதிரிப் பங்கு பிரித்தாள்:
யார் கண் பார்த்த தக்கை?
அபீலியு ஐந்நூறு. தான் ஐந்நூறு.
(இரவுப் பெட்டிகள் பெரும்பாலும்
தன் மேசைக்கு வருபவை. இதுவரை
இதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.)
உறவில்லையென்றால் ஆளுக்கு முப்பது.
அபீலியு கழித்தது பதினெட்டு.
அவள், நாற்பத்திரண்டு.

இங்கே நாலே போதும்.
விடை பத்தைத் தாண்டி நின்றது.

கை-வர்க்கம் என்பதில் உள்ள கை
ஒரு கிரேக்க எழுத்து, அவ்வளவுதான்.
ஆனாலும் அவள் பார்த்தது தன் கையை:
நகக்கண்ணில் தக்கைத் தூள்,
பெருவிரலில் பதினோரு வருடக் காய்ப்பு.

உறவு உண்டு என்கிறது தாள்.
யார் பிழை என்று கேட்டால்
வாய் திறக்கவில்லை.
அவள் நல்லதைக் கொன்றிருக்கலாம்;
அவன் கெட்டதை வாழவிட்டிருக்கலாம்.

நாளைக் காலை
தான் கழித்த நாற்பத்திரண்டையும்
நல்லவற்றோடு கலந்து அவன் தட்டில் வைப்பாள்.
அவன் விட்டுவைத்த நானூற்று எண்பத்திரண்டும்
தன் தட்டுக்கு வரவேண்டும்.

பென்சில் பெயரை அழித்தாள்.
எழுத்து போனது, அழுத்திய பள்ளம் போகவில்லை.

அபீலியு போன மாதம்தான் கண்ணாடி மாற்றினான்.
அவள் இன்னும்
நாள் குறிக்கவில்லை.