உடையாத வெள்ளிக்கோடு

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாம் ஷிப்ட்.
பள்ளத்தில் ஒரு இயர்போன், மேலே கண்ணாடித் தாள்,
ஓரத்தில் வெள்ளிக்கோடு.
யார் பிரித்தாலும் கோடு வெளுத்துக்
காட்டிக்கொடுக்கும்.
திரும்ப ஒட்டினாலும் மறையாது.

செவ்வாயன்று ஒன்று திரும்பி வந்தது,
புரசைவாக்கம் கடையிலிருந்து.
கோடு அப்படியே. மூலைகூட மடங்கவில்லை.
உள்ளே
இயர்போன் படுத்திருக்கவேண்டிய பள்ளம் மட்டும்.

வெளியே யாரும் பிரிக்கவில்லை,
இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றார் மேலாளர்.
எங்களைப் பார்த்தார்.

மறுநாளே எங்களுக்கும் கண்ணாடிப் பை.
கேட்டில் தணிகாசலம் தூக்கிப் பார்க்கிறார்:
ஜெசிந்தாவின் பிரஷர் மாத்திரை, அடகுச் சீட்டு,
என் பையில்
செய்தித்தாளில் சுற்றிய ஒன்று.
அதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

வெள்ளிக்கிழமை பெருக்கும்போது
மெஷினுக்கு அடியில் கிடைத்தது அந்த இயர்போன்,
கிரீஸில் ஊறி.
மேலாளர் மேஜையில் வைத்தோம்.
டிஷ்யூவால் துடைத்து டிராயரில் போட்டுக்கொண்டார்.

பைகள் மாறவில்லை.

ஜெசிந்தா இப்போதெல்லாம் சோற்றை ஆறவிடுவதில்லை,
டப்பா மூடியையும் அழுத்தி மூடுவதில்லை.
கேட்டுக்கு வருவதற்குள்
பை உள்ளுக்குள் வியர்த்துவிடுகிறது.
தணிகாசலம் கண்ணைச் சுருக்குகிறார்,
விரலால் வெளிப்பக்கம் துடைத்துப் பார்க்கிறார்.