இன்ஜின் அவனுக்கு

எனக்கு ராத்திரி வேலை, மைனாட் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்.
காலை ஏழரைக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தால்
எட்டு மணிக்கு எதிர்வீட்டுக் கொட்டகையில்
லவோன் கிரைண்டரைப் போடுவாள்.
பல்லில் ஏறும் சத்தம்.

மூன்றாம் நாள் சண்டை போடத்தான் போனேன்,
இரவு உடைமேல் கம்பளிக்கோட்டும்
கயிறு கட்டாத பூட்ஸுமாக.
முகமூடியைத் தூக்கி,
"வந்ததுதான் வந்தாய், இந்தத் தகட்டை இப்படியே பிடி" என்றாள்.
பிடித்தேன்.

ஐம்பத்தொன்பதாம் வருஷத்து அபாச்சி.
கதவில் ஏதோ விதைக் கம்பெனியின் பெயர், பாதி எழுத்து போய்விட்டது.
விவாகரத்தில் வீடு, நாய், உறைபெட்டி எல்லாம்
தகராறில்லாமல் பிரிந்தன.
வழக்கு வந்து நின்றது இந்த வண்டியில்தான்.
அப்போது இன்ஜின் கழற்றப்பட்டு
டுவேனின் அண்ணன் வீட்டில் ஸ்டாண்டில் கிடந்தது.
நீதிபதிக்குச் சாப்பாட்டு நேரம்.
எது எங்கே இருக்கிறதோ அது அங்கேயே என்று எழுதிவிட்டார்:
உடல் அவளுக்கு,
இன்ஜின் அவனுக்கு.

தரைத்தகடு, விரலால் குத்தினால் அப்பளம்.
ஹீட்டர் பெட்டிக்குள் எலிக்கூடு,
கூட்டில் இருக்கைப் பஞ்சு, ஒரு வரி ரசீது, உலர்ந்த குட்டி ஒன்று.
பின்தொட்டிப் பலகை இடுக்கில்
எந்த அறுவடையிலோ சிந்திய கோதுமை
துருவில் வேர்விட்டுப் பார்த்துக் கருகியிருந்தது.
வெட்டினோம், புதுத்தகடு பற்றவைத்தோம்.
வெட்டினோம் என்கிறேன்;
வெட்டியது அவள். நான் விளக்குப் பிடித்தேன்.
பொறி பட்டு என் கோட்டில் ஏழு ஓட்டை.
பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு,
மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள்.
கதவை மட்டும் தொடாதே என்றாள்.
அந்தப் பாதி எழுத்துகள் அப்படியே இருக்கின்றன,
ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்ஜின் இருந்த பள்ளத்தில்
விபத்தில் நொறுங்கிய மின்காரின் மோட்டார்,
தர்பூசணி அளவுதான்.
தொட்டிக்கு அடியில் பேட்டரிகள்.
ஸ்டியரிங் தண்டிலிருந்த பழைய கியர்க் கம்பியை
எதனோடும் இணைக்காமல் திரும்ப மாட்டினாள்.
"கை தேடும்" என்றாள்.

ஏப்ரலில் வண்டி தெருவுக்கு வந்தபோது
டுவேன் நடைபாதையில் நின்றிருந்தான்.
அவனைக் கடந்தது,
சரளை நொறுங்கும் சத்தம் மட்டும்.
தொப்பியைக் கழற்றிக் காதைச் சொறிந்துகொண்டான்.
"இழவு வீடுகூட இதைவிடச் சத்தமாக இருக்கும்" என்றான்.

ஜனவரியில் மைனஸ் முப்பது.
குளிர் பேட்டரியைக் குடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்,
கணக்குப் போட்டுத்தான் கிளம்பினோம்.
கணக்கு தானியக் கிடங்குவரை வந்தது.
மூச்சு கண்ணாடியில் உப்பாகப் பூத்தது.
இழுவை வண்டிக்காரன் நாலு மணி நேரம் ஆகும் என்றான்.
லவோன் தொலைபேசியை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு
இன்னோர் எண்ணை அழுத்தினாள்.

அவன் வண்டி வெகு தொலைவிலேயே கேட்டது.
ஆறு சிலிண்டர், மூன்றாவதில் சின்ன விக்கல்.
எனக்கு அது வெறும் சத்தம்.
அவளுக்கு ஆள் தெரிந்தது.

கயிறு கட்டினான். பேச்சில்லை.
முன்னே அந்த இன்ஜின், வேறு யாருடைய உடம்பிலோ.
பின்னே இந்த உடம்பு.
நடுவில் பதினைந்தடிக் கயிறு, தளராமல், பன்னிரண்டு மைல்.
அவன் கியர் மாற்றும்போதெல்லாம்
லவோனின் வலக்கை
எதனோடும் சேராத அந்தக் கம்பியை
மாற்றிக்கொண்டே வந்தது.

வாசலில் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினான்.
"மூன்றாவது பிளக்கைப் பார்" என்றாள்.
"பார்க்கிறேன்" என்றான். பார்க்க மாட்டான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிரைண்டர்.
ஹீட்டருக்கு ஏதோ வழி செய்கிறாள் போலிருக்கிறது.
தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு
எத்தனை எண்ணமுடியுமோ எண்ணினேன்,
பிறகு
பூட்ஸைத் தேடினேன்.