ரிவர்ஸ் மட்டும் விழுகிறது

பாடி மேம்பாலத்து இறக்கத்தில்
மூன்றாம் கியர் போனது.
சத்தம் போட்டுப் போகவில்லை.
பேச்சின் நடுவே லைன் கட்டாகுமே, அப்படி.
பிறகு நான்கு. பிறகு எல்லாமே.
ரிவர்ஸ் மட்டும் ஒழுங்காக விழுந்தது.
பின்னால் தண்ணீர் லாரி.

இறக்கம் என்பதால்
நியூட்ரலில் உருண்டு ஓரம் சேர்ந்தேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடத்து வண்டி.
குடும்பநல நீதிமன்றத்தில் பிரித்துக்கொண்டபோது
வீடு அவருக்கு,
கடனில் பாதி எனக்கு, வண்டி எனக்கு.
"ஓடுற வரைக்கும் ஓட்டு" என்றார்,
நல்லவிதமாகத்தான்.

கொளத்தூர் ஷெட்டில் நெல்சன்
எண்ணெய்த் தட்டை என் முன்னால் நீட்டினான்.
கறுப்பு எண்ணெய்க்கு அடியில்
உடைந்த பற்கள் மின்னின.
"பிரிச்சுக் கட்டலாம் மேடம். முப்பத்தெட்டு ஆவும்.
சாமான் கோயம்புத்தூர்ல இருந்து வரணும்,
ஒரு மாசம்."
கொஞ்சம் யோசித்து, "ரெண்டு மாசம்."

கம்பெனி சர்வீஸ் சென்டரில்
ஏசி நன்றாக இருந்தது.
புதிய கியர்பாக்ஸ், வரி சேர்த்து,
ஒரு லட்சத்து நாலாயிரம்.
சொல்லிவிட்டு அந்தப் பையனே
வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.
போன மாதம்தான் பக்கத்து பிளாட்காரர்
வண்டியை எழுபதுக்குக் கேட்டிருந்தார்.

நான் கணக்கு எழுதுகிறவள்,
அம்பத்தூர் எஸ்டேட்டில், வால்வு கம்பெனியில்.
தேய்ந்து முடிந்த இயந்திரத்துக்கும்
ஏட்டில் ஒரு ரூபாய் வைத்திருப்போம்.
பூஜ்யம் எழுதினால்
அது இல்லை என்றாகிவிடும்.
அன்றிரவு மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
கூட்டினேன், கழித்தேன்,
வண்டியை விற்றால் பஸ் பாஸ் எவ்வளவு என்றும் பார்த்தேன்.
எல்லாக் கணக்கும் விற்கச் சொன்னது.

மறுநாள் அரைநாள் லீவு போட்டுப் புதுப்பேட்டை போனேன்.

கூவம் வாசனையைத் தாண்டி
சந்துக்குள் சந்து.
கதவுகள் மட்டும் விற்கிறவர், கண்ணாடி மட்டும் விற்கிறவர்.
காதர் பாவா கடையில்
கூரை வரைக்கும் கியர்பாக்ஸ்கள்,
மேலே சாக்பீஸில் எண்கள்.
ஒன்றை இறக்கி, தண்டைக் கையால் சுழற்றினார்.
"பேசாம இருந்து கேளுங்க."
கேட்டேன்.
நனைந்த அரிசியை அளைகிற மாதிரி ஒரு சத்தம்.
"இருபத்தொண்ணு. பத்து நாளைக்கு நான் பொறுப்பு."

எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
"திருவள்ளூர் பக்கம்மா. பின்னாடி லாரி ஏறிடுச்சு.
முன்பக்கம் ஒரு கீறல் இல்ல."

பின்சீட்டில் யார் இருந்தார்கள் என்று
நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
பணத்தை இரண்டு முறை எண்ணினார்.

சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினோம்.
என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.
ஒவ்வொரு பள்ளத்திலும்
என் முழங்காலில் இடித்தது.
டிரைவர் அதற்கும் ஒரு ஆள் கணக்குச் சேர்த்தார்.
வாதாடவில்லை.

இரண்டு நாளில் மாட்டிவிட்டான் நெல்சன்.
பழையதை எடைக்குப் போட்டுத்
தொள்ளாயிரம் கொடுத்தான்,
எண்ணெய்க் கைரேகையோடு.

இப்போது ஓடுகிறது.
ஒன்று விழுகிறது, இரண்டு விழுகிறது.
மூன்றுக்கு மட்டும்
என் கை போகும் இடத்திலிருந்து
விரற்கடை இடப்பக்கம் தள்ளித் தேட வேண்டியிருக்கிறது.
யாரோ பல வருடம் அப்படித் தள்ளித் தள்ளிப்
பழக்கிய இடம்.
"போகப் போக சரியாயிடும்" என்கிறான்.
இரும்பா, என் கையா,
எது சரியாகும் என்று சொல்லவில்லை.

பாடி இறக்கத்தில் தினமும்
அந்த இடத்தைத் தேடி மூன்றைப் போடுகிறேன்.
விழுந்ததும் கண்ணாடியில்
காலியான பின்சீட்டை ஒருமுறை பார்க்கிறேன்.
சாப்பாட்டுப் பையை
இப்போதெல்லாம் முன்னால்தான் வைக்கிறேன்.