ஆமை புகாத வீடு

சேலம் கோர்ட்டில் நான் அமீனா.
பழமொழி தெரியும், நீங்களும் சொல்ல வேண்டாம்.
அருளப்பன் சொல்லிவிட்டார் ஏற்கெனவே,
வேலிக்கு அந்தப் பக்கம் மிளகுக்கொடி கட்டியபடி:
"ஆமையும் அமீனாவும் ஒரே காம்பவுண்டில்.
இனி உருப்பட என்ன மிச்சம்?"

நாகலூர் போகிற வழியில் ஒரு பங்களா.
நிறைவேற்று மனு நூற்றுப்பதினேழு.
கட்டில் இரண்டு, பீரோ ஒன்று, தையல் மிஷின்,
எல்லாம் எழுதி எல்லாம் டெம்போவில் ஏறிப் போனபின்
பூட்டுக்கு அரக்கு வைத்துத் திரும்பினால்
குழாயடியில் அசைகிறது
பட்டியலில் இல்லாத ஒரு கல்.

ஆப்பிரிக்க ஆமை என்றார் டாக்டர் ஹபீபா.
மணற்காட்டுப் பிறவி,
வருஷத்துக்குப் பத்து மழை பார்த்தால் அதிகம்.
இதுவோ ஏற்காடு, அதுவும் ஐப்பசி.
துவைத்த சட்டை நாலாம் நாளும் ஈரம்.
தீக்குச்சி உரசினால் மருந்து வழித்துக்கொண்டு வருகிறது.
காலையில் பனிக்குள் போன பலாமரம்
மதியத்துக்கு மேல்தான் திரும்பி வருகிறது.

மூக்கில் குமிழி விட்டது நூற்றுப்பதினேழு.
வேறு பேர் தெரியாது.
வளர்த்தவர்களிடம் போய்க் கேட்கிற இடத்தில்
நான் இல்லை.
ஓட்டின் பின்புறம் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் புள்ளி,
யாரோ சின்னக் கை.

"குளிர் தாங்கும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் தாங்காது.
நெஞ்சில் சளி இறங்கினால் போச்சு."

ஆக, வீடு.
ஹாலோ பிளாக் அடுக்கித் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்.
மேலே சில்வர் ஓக் பெட்டி, நாலடிக்கு மூன்றடி,
பலகைக்கும் பலகைக்கும் நடுவே தெர்மோகோல்.
தகரக் கூரை, பள்ளத்தைப் பார்த்துச் சரிவு.
ஏறுவதற்கு ஒரு சாய்வுப் பலகை,
நகம் பிடிக்கக் குறுக்கே குச்சிகள்.
மலையில் எதுவும் காயாது என்று
கோரிமேட்டிலிருந்து காய்ந்த புல் ஒரு மூட்டை
(கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார்).
கோழிக்குஞ்சுக்குப் போடுகிற பல்பு.

வாசல் எவ்வளவு அகலம்?
இப்போது அது ஒரு சோற்றுத் தட்டு.
பத்து வருஷத்தில் அண்டா மூடி.
அதற்கடுத்த பத்தில் நான் இருப்பேனோ என்னவோ,
அது இருக்கும்.
இரண்டடி விட்டேன்.

கிழக்குப் பார்த்துத்தான் வைக்கணும் என்றார் கொத்தனார் பொன்னுரங்கம்.
வைத்தோம்.

அது போகவில்லை.
தக்காளி வைத்தேன். செம்பருத்தி வைத்தேன்.
தூக்கி உள்ளே விட்டால்
ஜப்தி செய்த பொருள்போல ஒரு நிமிஷம் கிடந்து
இறங்கி வந்து படிக்கட்டுக்கு அடியில் தோண்டியது.
அந்தக் குழியில் தண்ணீர் நின்றது.
டார்ச்சைக் கடித்துக்கொண்டு சேற்றில் கைவிட்டு எடுத்தேன்,
மூன்று ராத்திரி.
அருளப்பனுக்குச் சிரிப்பு:
"ஆமை புகாத வீடு. நல்லா உருப்படும், பாருங்க."

நாலாம் ராத்திரி, மழை சற்று விட்டபோது
அந்த வாசல் முன் முட்டி போட்டு
அதன் உயரத்துக்குத் தாழ்ந்து தலையை உள்ளே நீட்டினேன்.
பின்கழுத்தில் சுருக்கென்று வாடை.
வடகிழக்கிலிருந்து நேராக என் தோளைத் தாண்டி
உள்ளே போகிறது காற்று,
புல் முழுக்க நசநச.

எத்தனை வாசலில் நின்றிருக்கிறேன்,
வாரண்டைச் சத்தமாகப் படித்தபடி.
எல்லாம் வெளியே நின்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் ஒரு முனை பிடிக்க
வீட்டையே தூக்கித் திருப்பினோம்,
மேற்கே, மதில் பக்கமாக.
பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாகக் கிழித்து
வாசலில் தொங்கவிட்டது அவர் யோசனை.

சாயங்காலம் மறுபடி பிடித்துக்கொண்டது.
நான் தூக்கவில்லை, பூவும் வைக்கவில்லை.
அது பலகையை முகர்ந்தது.
ஒரு நகம். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு நகம்.
டியூப் பட்டைகள் ஓட்டின்மேல் ஏறி ஏறி விழுந்தன.
சிவப்புப் புள்ளி கடைசியாக உள்ளே போயிற்று.

பழக்கம், மணி பார்த்தேன்.
ஆறு நாற்பது.
மேற்படி வீட்டின் சுவாதீனம்
மேற்படியார் வசம் ஒப்படைக்கப்பட்டது.
ஆட்சேபணை ஏதுமில்லை.
சாட்சி: அருளப்பன், குடையோடு.