கிளினிக் கொப்பி

உப்புவெளியிலிருந்து ஆறு மணி பஸ்.
நாற்பத்திரண்டாம் நம்பர்.

"அஸ்பிரினை இனி விடுங்கோ," புது டொக்டர்.
பழையவர் சிவப்பு மையில் இருதரம் கோடிட்டது
அதே அஸ்பிரினுக்குக் கீழேதான்.

"தேங்காய்ப்பால்?"
"கொஞ்சம் சேர்க்கலாம், பரவாயில்லை."

பதினொரு வருஷம்
பால் விடாமல் சொதி வைத்தாள் செலஸ்ரினா.
எனக்காக அவளும் அதையே குடித்தாள்.
போன ஆவணியில் போய்விட்டாள்.

ஏச வாயெடுத்தேன்.
"அப்ப எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும், ஐயா."
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்.

துறைமுகத்தில் ஆழம் அளக்கிற படகில்
முப்பது வருஷம் நின்றவன் நான்.
மாரி கழிய
பழைய எண்ணை வெட்டிப் புதியதை எழுதுவோம்.
எங்களை ஆரும் பொய்யர் எண்டதில்லை.

குளிசையை விட்டுவிட்டேன்.
வருகிற வழியில் தேங்காய் ஒன்று வாங்கினேன்.
இன்னும் உடைக்கவில்லை.